இரண்டு வாங்கும் முறை

நாங்கள் மேடம் என்று அழைத்த கோர் கைக் சிம் எங்கள் கணக்குப் பிரிவின் மேலாளராக இருந்த காலம் முழுக்க, பிறை என்ற ஊரில் இருந்த அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு ஒருமுறைகூடத் தாமதமாக முடிந்ததில்லை. மாதக் கடைசியில் அவர் தாளின் மேல் மர அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டே ஹொக்கியன் சீன மொழியில் எண்களை முணுமுணுப்பார். கணினி கூட்டிய கூட்டலையும் அவர் கூட்டிப் பார்ப்பார். கணினியை நம்பவில்லையா என்று கேட்டால், “நம்பறேன். சரி பாத்துட்டு நம்பறேன்” என்பார்.

புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் பில் எழுத உட்கார்ந்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. தேர்வுத் தாள்களை ஒன்றொன்றாக, சிலவற்றை இரண்டு தடவையாக எழுதித் தேறி, நாற்பதை நெருங்கும்போது நிதி மேலாளர் நாற்காலிக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை, பெருமையாகச் சொன்னதும் இல்லை. தலைமையகத்தில் இருந்து வரும் எந்தத் தாளையும் முழுக்கப் படித்து, கேட்டதைக் கேட்டபடி நிரப்பி அனுப்புவார். அரைகுறையாக எதையும் அனுப்ப அவருக்கு வராது.

அவருக்குக் கீழே நாங்கள் நால்வர். சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் வேலை சல்பியாவுடையது. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் காக் சல்பியா, அதாவது சல்பியா அக்கா. மேடமும் அப்படியே அழைப்பார். உற்பத்திச் செலவைப் பார்த்தவன் தேக் ஹோங். சம்பளக் கணக்கு அஸ்ரீன். வாடிக்கையாளர்களிடம் வசூல் பார்த்தது நான், குணாளன்.

ஷா ஆலாமில் இருந்த தலைமையகத்துக்கு ஒரு விதி இருந்தது. ஆண்டு முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். எந்தப் பிரிவாக இருந்தாலும் ஒருவராவது இரண்டு வாங்கியே ஆக வேண்டும். எல்லோரும் நன்றாக வேலை செய்தார்கள் என்று எழுதினால் படிவம் திரும்பி வந்துவிடும். இரண்டு வாங்கியவருக்கு அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது, வேறு கிளைக்கு மாற்றலும் கேட்க முடியாது.

மேடம் மேலாளரான முதல் வருடம் அதை ஒழுங்காகத்தான் செய்தார். நால்வரின் வேலையையும் ஒப்பிட்டு, மயிரிழையில் பின்தங்கி இருந்த லீ சூன் என்ற பெண்ணுக்கு இரண்டு போட்டார். லீ சூன் கடிதத்தைப் படித்தாள், மடித்து வைத்தாள், வேலையைத் தொடர்ந்தாள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் திரும்பி வரவில்லை. பின்னால் ஒருநாள் சந்தையில் மேடத்தைப் பார்த்தவள், மீன்கடை வரிசையை விட்டு விலகிக் கோழிக்கடைப் பக்கம் போய்விட்டாளாம். லீ சூனின் இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

அடுத்த டிசம்பரில் மேடம் எங்களைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த வருஷமும் ஒருத்தருக்கு ரெண்டு போடச் சொல்றாங்க. உங்க நாலு பேர்ல ரெண்டு வாங்கற ஆளு யாருமில்ல. அதனால முறை வச்சுக்கலாம்.”

“முறைன்னா?” என்றான் தேக் ஹோங்.

“வாடகை வீட்டுல நாலு பேரு தண்ணி பில்லு கட்டற மாதிரி. ஒரு வருஷம் ஒருத்தர்.”

காக் சல்பியா சிரித்தார். “அப்ப மூத்தவ நான் மொதல்ல கட்டிடறேன் லா. என் புருஷன் கடலுக்குப் போறவரு. மீனு என் மார்க்க கேக்காது.”

அப்படித்தான் அது தொடங்கியது. இரண்டு வாங்குகிறவருக்கு நாங்கள் கொடுத்த ஈடு ஒன்று இருந்தது: அடுத்த வருட விடுமுறை நாட்களை அவர்தான் முதலில் தேர்ந்தெடுப்பார். வெளியாட்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மாதம் முடியும் நாட்களில் கணக்கர்களுக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. தீபாவளியோ பெருநாளோ அந்த நாட்களில் வந்து விழுந்தால், ஒருவருக்குத்தான் வீட்டுக்குப் போக வழி உண்டு.

படிவத்தில் இரண்டு போட்டால் காரணம் எழுத வேண்டும். முதல் தடவை மேடம் பட்டும் படாமலும் எழுதியதை ‘ஆதாரம் போதவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் முறையாக எழுதக் கற்றுக்கொண்டார். அனுப்பும் முன் சின்ன அறையில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். என் முறை வந்தபோது, ‘பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் அழுத்திப் பேசத் தயங்குகிறார்’ என்று எழுதியிருந்தார்.

“இது மதிப்பீடு இல்ல லா, போட்டோ,” என்றார் காக் சல்பியா. “தம்பி போன எடுத்தா, பாக்கி வச்சவனே ‘பாவம், அழாதப்பா’ன்னு காச குடுத்துடறான்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நான் சொல்ல வந்த வருடம் தேக் ஹோங்கின் முறை. ஆனால் ஜொகூர் கிளையில் ஒரு மூத்த கணக்கர் இடம் காலியாகி, அவன் அதற்கு மனுப் போட்டிருந்தான். இரண்டு வாங்கினால் மனு செல்லாது. அடுத்த வருடத்து நோன்புப் பெருநாளும், மார்ச் மாத முடிவின் மேலேயே, காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் வந்து உட்கார்ந்தது. காக் சல்பியாவின் ஒரே மகள் நாடியா கோத்தா பாருவில் இருந்தாள். முதல் பிரசவம், பெருநாளை ஒட்டி என்று சொல்லியிருந்தார்கள்.

“தேக் ஹோங், ஒன்னோட ரெண்ட எனக்குக் குடு,” என்றார் காக் சல்பியா, மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

“சும்மா இருங்க காக். நீங்க வாங்கி ரொம்ப நாளு ஆவல.”

“நீ ஜொகூருக்குப் போவணுங்கற. நான் பேரப்புள்ளையப் பாக்கணுங்கறேன். இதுல என்னா யோசன?”

மேடத்துக்கு மனமில்லை. “வரிசைய மாத்துனா நல்லதில்ல காக்,” என்றார். ஆனால் இருவரும் ஒத்துக்கொண்ட பின் அவர் என்ன சொல்வார்? சரி என்றார்.

படிவம் எழுதும் நாள் வந்தது. ‘ஆவணங்களைத் தாமதமாகக் கோப்பில் சேர்க்கிறார்’ என்று மேடம் தொடங்கினார்.

“இத திருப்பி அனுப்பிருவாங்க மேடம்,” என்றார் காக் சல்பியா. “புது சிஸ்டம் எனக்கு வரலன்னு போடுங்க. ஒவ்வொரு பில்லையும் ரெண்டு தடவ பாக்கறேன்ல, அதப் போடுங்க. கண்ணாடி மாத்துனதயும் சேத்துக்குங்க.”

“ஒங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்றீங்களே காக்,” என்றாள் அஸ்ரீன்.

“சாட்சி நல்லா இருந்தாத்தான் கேஸு நிக்கும்.”

மேடம் கேட்டுக்கேட்டு எழுதி, வாசித்தார். ‘புதிய கணினி முறைக்குப் பழகுவதில் பின்தங்கியிருக்கிறார். ஒரே பில்லைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதால் வேலை தேங்குகிறது. பார்வைக் குறைபாடும் இதற்குக் காரணமாகலாம். தனிப் பயிற்சி அளித்தும் முன்னேற்றம் இல்லை.’

“பயிற்சி எப்ப குடுத்தீங்க?” என்றார் காக் சல்பியா.

“என்ன நடவடிக்கை எடுத்தேன்னு ஒரு கட்டம் இருக்கு. அத காலியா விட முடியாது.”

“போடுங்க போடுங்க,” என்று கையை அசைத்துவிட்டு, காக் சல்பியா நாட்காட்டியில் பெருநாள் வாரத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

பிப்ரவரியில் தலைமையகத்தில் இருந்து செய்தி வந்தது. சப்ளையர் பில்களில் பெரும்பகுதியை இனி ஷா ஆலாமிலேயே பார்ப்பார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கணக்குப் பிரிவில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும். யாரை என்று மேலாளர்கள் யோசித்துச் சிரமப்பட வேண்டாம். கடைசி மதிப்பீட்டில் இரண்டு வாங்கியவர்களின் பெயர்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. ஆள்குறைப்பு என்றால் சட்டப்படி நிறைய இழப்பீடு தர வேண்டியிருக்கும் என்பதால், திறன் குறைவை ஒப்புக்கொண்டு தானே விலகுவதாகக் கடிதம் தயாராக வந்திருந்தது. காக் சல்பியாவின் பெயர் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஓய்வு வயதுக்கு அவருக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. கடலுக்குப் போகும் கணவருக்கு முழங்கால் போய், படகு பெரும்பாலும் கரையில்தான் கிடந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நிலையான சம்பளம் அவருடையது மட்டும்தான்.

மேடம் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, விடிகாலையில் கிளம்பி ஷா ஆலாமுக்குத் தானே காரோட்டிப் போனார். அங்கே மனிதவளத் தலைவர் என்சிக் முஸ்தக்கீம். அவர்களுக்குள் நடந்த பேச்சைப் பிறகு மேடமே எங்களுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“நான் எழுதுனது தப்பு,” என்றிருக்கிறார் மேடம்.

“எது தப்பு? பயிற்சி குடுத்ததா? முன்னேற்றம் இல்லங்கறதா?”

“எல்லாமே.” முறை வைத்துக்கொண்டதையும் சொல்லியிருக்கிறார்.

முஸ்தக்கீம் எழுந்து கதவைச் சாத்தினாராம். “மேடம் கோர், இத நான் கேக்கலன்னு வச்சுக்கறேன். கேட்டேன்னா உள்தணிக்கை வரும். ஒங்க பிரிவுல இத்தன வருஷமா போட்ட மார்க்கு அத்தனையும் தோண்டுவாங்க. நீங்க மட்டும் போமாட்டீங்க. சேந்து செஞ்ச எல்லாரும் வெளிய போவாங்க, அந்தம்மாவும்தான். அப்ப ‘மெதுவா வேல செஞ்சாங்க’ன்னு எழுத மாட்டாங்க, ‘பொய் சொன்னாங்க’ன்னு எழுதுவாங்க.”

“என்னை எடுத்துக்குங்க. அவங்கள விட்டுருங்க.”

“நீங்க போனா நான் இன்னொரு மேலாளரத் தேடணும். எனக்குக் கொறய வேண்டியது அந்த நாலுல ஒண்ணு. வேற பேரு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. காரணத்தோட.”

அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர், அடுத்த நாள் எங்களைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். வழக்கமாகச் சிரிக்கும் அறை. மேடம் சொல்லி முடித்ததும் தேக் ஹோங் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அஸ்ரீனும் நானும் மேசையைப் பார்த்தோம்.

“தணிக்கை வரட்டும்,” என்றார் மேடம். “நானாத்தான் செஞ்சேன், ஒங்க யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

காக் சல்பியாதான் பதில் சொன்னார். “லீவு அட்டைய எடுத்துப் பாத்தா முடிஞ்சுது மேடம். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு வாங்குன ஆளுதான் மொதல்ல லீவு எடுத்திருக்கு. தணிக்கைக்காரன் ஒக்காந்தவொடனே புடிச்சிருவான். நாமளே புடிச்சிருவோம்.”

மேடம் தலையசைத்தார். அவரும் கணக்கர்தானே.

“எனக்கு ரெண்டு பட்டத்துல ஒண்ணுதான் குடுப்பாங்க போலருக்கு,” என்றார் காக் சல்பியா. “மெதுவானவன்னு ஒண்ணு, பொய் சொன்னவன்னு ஒண்ணு. எங்க கம்பத்துல, சின்ன கிராமந்தானே, மெதுவா இருக்கறவங்களுக்கு யாரும் கதவ அடைக்கறதில்ல. நான் மெதுவானவளாவே போயிடறேன்.”

“காக்…”

“அந்தப் படிவத்த ஒரு தடவ குடுங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில்லைப் படிப்பதுபோல விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். இவ்வளவு நல்லா எழுதியிருக்க வேணாம்.”

பிறகு கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை தேக் ஹோங் மேடத்தின் அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“என் பேரப் போடுங்க மேடம். இது என்னோட முறதானே.”

“ஒனக்கு நாலு போட்டு, ஜொகூருக்கு சிபாரிசும் செஞ்சு அனுப்பியிருக்கேன். இனி என்ன காரணம் எழுதுவேன்?” மேடம் குரலை உயர்த்தவில்லை. “காக் கையெழுத்துப் போட்ட கடிதமும் நேத்தே போயிருச்சு. நேத்து நீ சொல்லியிருக்கலாம்.”

“நேத்து வாய் வரல மேடம்.”

தேக் ஹோங் அந்த அறையில் இருந்து நேரே கழிவறைக்குப் போனான். மே மாதம் அவன் ஜொகூருக்கு மாறிப் போனபோது, வழியனுப்பு விருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

காக் சல்பியா பெருநாளுக்கு முந்தைய வாரம்வரை வேலை செய்தார். மீதி இருந்த பில்களை அஸ்ரீனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் வட்டமிட்டிருந்த விடுப்பு நாட்களுக்கு விடுப்புப் படிவம் தேவைப்படவில்லை. பேரன் பெருநாளுக்கு மறுநாள் பிறந்தான்.

அதற்குப் பிறகு மேடத்தின் முகம் தெளிந்து நான் பார்த்தது ஒரே ஒருநாள்தான். அவரோடு மாலை வகுப்பில் படித்த மிஸஸ் யாப், புக்கிட் மெர்தாஜாமில் சிறிய கணக்கு அலுவலகம் ஒன்று நடத்தி வந்தார். அங்கே சப்ளையர் பில்களைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. மேடம் அவரிடம் பேசி, வேலை தெரிந்தவர் போதும், பழைய மதிப்பீடு எதுவும் கேட்க மாட்டேன் என்று வாக்கு வாங்கியிருந்தார். பெருநாள் மாதம் முடிவதற்குள் காக் சல்பியா எங்களைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். அவர் ஊரான பெர்மாத்தாங் பாவுக்கு நான்தான் காரோட்டினேன். வழியெல்லாம் மேடம் அந்த வேலையைப் பற்றியே பேசினார்: பேருந்து வாசலிலேயே நிற்கும், பழைய கணினி முறைதான், மதியத்துக்கு வீட்டுக்கே போய் வரலாம்.

வீட்டில் ரெண்டாங் இறைச்சிக் கறியும் மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறும் வைத்தார்கள். கணவர் ஹம்டான் முழங்காலை நீட்டி உட்கார்ந்து எங்களை உபசரித்தார். நாடியா குழந்தையோடு வந்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மேடம் விஷயத்தைச் சொன்னார்.

காக் சல்பியா குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். பிறகு, “வேணாம் மேடம்,” என்றார்.

“பக்கம்தான் காக். சம்பளம் கொஞ்சம் கொறவு, ஆனா…”

“சம்பளத்துக்கில்ல. நான் போனா அவங்க பில்லெல்லாம் தேங்கிப் போவும்.”

மேடம் தட்டைக் கீழே வைத்தார். “அது நாம எழுதுனது. நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுனது.”

“ஆமா, நாம எழுதுனதுதான். நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்பறம் வீட்டுல சும்மா ஒக்காந்து யோசிச்சேன். அஸ்ரீன் ஒரு பில்ல முடிக்கற நேரத்துல எனக்குப் பாதிதான் முடியும். கண்ணும் அப்படித்தான். பொய்யா இருந்தா, அன்னிக்கு அவ்வளவு சுலபமா என் வாயில வந்திருக்குமா?”

“நீங்க ரெண்டு தடவ பாத்ததாலதான் நம்ம பிரிவுல தப்பே வரல.”

“பெருநாள் வீட்டுக்கு வந்து நல்ல வார்த்த சொல்றீங்க. சொல்லணும்தான்,” என்று காக் சல்பியா சிரித்தார். கோபம் எதுவும் இல்லாத சிரிப்பு. “பயிற்சி குடுத்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது மேடம்.”

நாடியா இடையில் புகுந்தாள். “தொழற எடத்துல, சூராவ்ல, குர்பானுக்கு மாடு வாங்கற கணக்கப் பாக்கச் சொல்லிக் கேட்டாங்க மேடம். வருஷா வருஷம் அம்மாதான் பாப்பாங்க. இந்தத் தடவ முடியாதுன்னுட்டாங்க. கடைக்குப் போனாலும் மீதிக் காச என்கிட்டதான் குடுத்து எண்ணச் சொல்றாங்க.”

“ஏய், விருந்தாளிகிட்ட என்ன பேச்சு. மேடத்துக்கு இன்னும் ரெண்டாங் வை.”

மேடம் வைத்ததைச் சாப்பிட்டார். கிளம்பும்போது குழந்தையின் கையில் பெருநாள் பணம் வைத்த பச்சை உறையைச் செருகினார். காக் சல்பியா கேட் வரை வந்து, கார் திரும்பும்வரை நின்றார்.

நெடுஞ்சாலை ஏறியதும் மேடம் மிஸஸ் யாப்பை அழைத்தார். காரின் ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“என்ன, வராங்களா?”

“வரல.”

“அடடா. ஆளு எப்படி? வேற யாரையாவது பாக்கறதுக்கு முன்னாடி கேக்கறேன்.”

மேடம் சொல்லத் தொடங்கினார். எந்த சப்ளையர் எந்தப் பில்லை இரண்டு முறை அனுப்புவான் என்று அவருக்கு நினைவில் இருக்கும். கைச்சாத்து இல்லாத டெலிவரி தாளை ஒருநாளும் விட்டதில்லை. கோபமாகப் போன் செய்கிற லாரிக்காரன்கூட அவரிடம் பேசிவிட்டுச் சாந்தமாகத்தான் வைப்பான். புதியவர்களுக்கு வேலை சொல்லித்தருகையில் அவர்களைச் சிறுமைப்படுத்த மாட்டார். புது முறை வந்தபோது தானாகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மெதுவாகத்தான், ஆனால் ஒருமுறை கற்றதை மறக்கவில்லை. மேடம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காத அளவுக்கு நீளமாக இருந்தது அது. அதற்குள் நாங்கள் சுங்கச்சாவடியைக் கடந்திருந்தோம்.

மிஸஸ் யாப் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“இவ்வளவு நல்ல ஆள ஏன் விட்டீங்க?” என்றார்.

மேடம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸஸ் யாப் “ஹலோ, ஹலோ” என்று கேட்டார். நானே கை நீட்டி அழைப்பைத் துண்டித்தேன்.